வேலைக்குப் போகும் தாயும் வீட்டாரின் கடமையும்

(ஒரு பெயர் சூட்டு விழாவில் பேசியதன் சுருக்கம்)



இக்குழந்தைக்குப் பெயர் வைக்கும் இந்த நிகழ்ச்சியில் இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். இம்மாதிரி இடங்களில் குழந்தையை வாழ்த்துவதும், தாயாரைப் புகழ்வதும், பிறகு சாப்பிட்டுவிட்டுப் போவதும்தான் வழக்கம். நாம் வாழ்த்துவதால் குழந்தை ஒரு குன்றிமணி எடைகூட ஏறப்போவதில்லை. ஆகையால் தாய்க்கும் குழந்தைக்கும் பயன்படக்கூடிய ஒரு சங்கதியைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இக்குழந்தையின் தாயார் அடுத்த மாதம் பனியன் கம்பெனி வேலைக்குத் திரும்பப் போகிறார்களாம். மிகவும் சந்தோஷம். அப்படியானால் பாலுக்கு என்ன வழி என்று சற்று முன் இங்கே ஒரு தர்க்கம் நடந்தது. "வேலையை விட்டுவிடட்டும்" என்றார் ஒரு பெரியவர். "புட்டிப் பாலுக்குப் பழக்கிவிடலாம்" என்றார் மற்றொருவர். "வீட்டிலிருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும்?" என்று மாத்திரம் ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் நான் இப்பொழுது கேட்கிறேன்.

தாயைத் தெய்வம் என்று சொல்லுவதில் நம்மவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தத் தெய்வம் மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், "அடுப்பில் உலை வைக்கவில்லையா?" என்று கேட்கிறோம். தெய்வம் என்று பட்டம் கொடுத்துவிட்டால் பாத்திரம் தேய்த்துக் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் இரகசியம் போலும்!

சட்டத்தின் கணக்கு

வேலை செய்யும் தாய்க்குப் பால் கொடுக்க நேரம் வேண்டும் என்பது ஏதோ இன்று புதிதாக முளைத்த ஆசை அல்ல. 1919-ம் வருஷத்தில் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடே, தினம் இரண்டு தடவை அரைமணி நேரம் விட வேண்டும் என்று தீர்மானித்தது. நம் நாட்டில் 1961-ல் பேறுகால நலச் சட்டம் வந்தது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு என்று ஆக்கினார்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரையில், வழக்கமான இடைவேளை போகத் தினம் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும் என்பதும், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும், அங்கே தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்வரலாம் என்பதும் சட்டம். 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 26 வாரத்தில் 8 வாரம் வரையில் பிரசவத்திற்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு வயது 18 வாரம், அதாவது நான்கு மாதம். டாக்டர்களோ முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள். பிறகு மற்ற ஆகாரத்தோடு இரண்டு வருஷமோ அதற்கு மேலுமோ கொடுக்கலாம் என்கிறார்கள். இடையில் விழும் அந்த இரண்டு மாதத்தை யார் நிரப்புவது? நாற்று நடவும் சித்தாள் வேலைக்கும் போகிற பெண்ணுக்கு இந்தச் சம்பள லீவும் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே மீதிப் பொறுப்பு வீட்டார் தலையில்தான் விழுகிறது.

கண்ணேறு அல்ல, கணக்கு

வேலைக்குப் போனதும் பால் வற்றிவிட்டால், "பத்துப் பேர் கண் பட்டுவிட்டது" என்று திருஷ்டி சுற்றுகிறோம். கண்ணுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? எடுக்க எடுக்கச் சுரப்பதும், எடுக்காமல் தேக்கினால் சுரப்புக் குறைவதும் உடம்பின் இயற்கை. காலை எட்டு மணிக்குப் போனவர் மாலை ஆறு மணி வரையில் பாலை எடுக்காமலே இருந்தால், மார்பு கட்டி வலிக்கும். நாளடைவில் பால் குறையும். மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டால் மிளகாய்தான் நஷ்டம்.

"வெயிலில் வந்தவள் பால் சூட்டுப் பால், தேங்கின பால் புளித்த பால், பீய்ச்சிக் கீழே ஊற்று" என்பது இன்னொரு மூடநம்பிக்கை. மார்பிலிருக்கும் பால் வெயிலாலும் கெடாது, தேங்கினாலும் புளிக்காது. குழந்தைக்குச் சேரவேண்டிய ஆகாரத்தை மண்ணில் ஊற்றச் சொல்லுவது அறிவுடைமையாகுமா?

வீட்டார் செய்ய வேண்டியது

வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் சுத்தம் செய்த மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் தாய் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பழகட்டும். அதைச் சங்கிலோ சிறு கிண்ணத்திலோ வேறொருவர் புகட்டிப் பழக வேண்டும். தாயின் மடியில் இருக்கும்போது குழந்தை கிண்ணத்தை ஏற்காது. பாட்டியோ தகப்பனோ கொடுத்தால் ஏற்கும். புட்டியும் ரப்பரும் வேண்டாம். அவற்றின் இடுக்குகளைச் சுத்தம் செய்வது கடினம். கிண்ணத்தைச் சுத்தம் செய்வது சுலபம். பால்பவுடர் டப்பாவை விளம்பரம் செய்யக்கூடாதென்று 1992-ல் சட்டமே செய்திருக்கும்போது, நாம் ஏன் வலியப் போய் அதை வாங்க வேண்டும்?

எடுத்த பால் சாதாரண அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம்முடைய சித்திரை வெயிலில் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நலம். பிரிட்ஜில் நான்கு நாள் வரை தாங்கும் என்றாலும், மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில் ஒரு நாளுக்குள் செலவழித்துவிடுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை வைத்தால் போதும். குழந்தை குடித்து மிஞ்சியதை எடுத்து வைக்கக்கூடாது.

வேலையிடத்தில் மூன்று மணிக்கொரு தடவை அந்த அம்மாள் பால் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குக் கதவுள்ள ஓர் அறையும், கழுவத் தண்ணீரும் வேண்டும். கக்கூசில் நின்றுகொண்டு குழந்தையின் ஆகாரத்தை எடுக்கச் சொல்லுவது மனிதத் தன்மை ஆகாது. இதை அவர் ஒருவராகக் கேட்கக் கூச்சப்படலாம். புருஷனோ அண்ணனோ கூடப் போய் மேஸ்திரியிடமும் மானேஜரிடமும் பேசுவதில் என்ன கௌரவக் குறைவு? வயல் வேலை, கட்டிட வேலை செய்பவராயிருந்தால், மத்தியானம் வீட்டிலிருப்பவர் குழந்தையை வேலையிடத்திற்கே தூக்கிக்கொண்டு போகலாம்.

மாலையில் அவர் வந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். குழந்தையை மடியில் கொடுங்கள். அடுப்பு வேலையை வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளைகள் பார்க்கட்டும். பால் சுரப்பதற்கான தூண்டுதல் இராத்திரியில்தான் அதிகம் என்று விஞ்ஞானம் கூறுகிறது. ஆகவே இராப் பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். குழந்தையை எடுத்துக் கொடுப்பதும், துணி மாற்றுவதும், திரும்பத் தூங்க வைப்பதும் தகப்பன் வேலையாக இருக்கட்டும். கவலையும் ஏச்சும் பால் இறங்குவதைத் தடுக்கும். ஆதலால், "உனக்குப் பால் போதவில்லை" என்று தினம் குத்திக்காட்டும் நாக்கை மாமியாரும் நாத்தனாரும் அடக்கிக்கொள்ள வேண்டும். சந்தேகமிருந்தால் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்க்கட்டும். தராசு பொய் சொல்லாது.

தீர்மானம் யாருடையது?

இவ்வளவும் செய்தும் அந்த அம்மாளுக்கு முடியவில்லை, அல்லது நிறுத்திக்கொள்ள விருப்பம் என்றால், அதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது. உடம்பு அவருடையது; உழைப்பும் அவருடையது. அப்பொழுது வேறு ஆகாரத்திற்கு டாக்டரைக் கேட்க வேண்டுமேயல்லாமல், அவரைக் குற்றவாளியாக்க நமக்கு என்ன யோக்கியதை? உதவி என்கிற பெயரால் மற்றொரு விலங்கை மாட்டக்கூடாது.

தோழர்களே! பால் சுரப்பது ஒன்றுதான் தாய் ஒருவரால் ஆகக்கூடிய வேலை. பாத்திரம் கொதிக்க வைப்பது, சங்கில் புகட்டுவது, துணி துவைப்பது, சமைப்பது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஆகிய அத்தனையும் ஆணும் செய்யலாம், பெண்ணும் செய்யலாம், கிழவரும் செய்யலாம். ஆகையால், இங்கே கூடியிருக்கும் பந்துக்கள் இன்று இராத்திரியே உட்கார்ந்து, எந்த வேலை யாருக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிடும்படியும், குழந்தையின் தகப்பனார் தம் பெயரை முதலில் எழுதும்படியும் கேட்டுக்கொண்டு, என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.