நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு

(கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





டாக்டர், இன்ஜினியர், இல்லையென்றால் வளைகுடா என்றே பேசிப் பழகிவிட்டோம். பி.காம். படித்த பிள்ளைக்குப் பெங்களூரில் இன்னொரு வாசலும் இருக்கிறது. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி 2004-லேயே அங்கு அலுவலகம் திறந்தது. மார்கன் ஸ்டான்லியும் ஜே.பி. மார்கனும் அங்கே இருக்கின்றன. கம்பெனிகள் பங்கு வெளியிடவும், கடன் பத்திரம் விற்கவும், வேறொரு கம்பெனியை வாங்கவும் துணைநிற்பது முதலீட்டு வங்கியின் வேலை. அதில் முதல் படி 'அனலிஸ்ட்'. கணக்குகளை அலசிச் சொல்பவர்.

முதல் சுற்றில் பெரும்பாலும் எதிரே ஆள் இருக்கமாட்டார். திரையில் கேள்வி வரும். யோசிக்க அரை நிமிடம், பதில் சொல்ல இரண்டு நிமிடம் என்ற அளவில்தான் கிடைக்கும். பிந்திய சுற்றுகளில் அதிகாரிகளே கேட்பார்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று: "தேய்மானம் 10 ரூபாய் கூடினால் கணக்கில் என்ன மாறும்?" வரி 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்திய லாபம் 10 குறையும். வரியில் 3 மிச்சம். நிகர லாபம் 7 குறையும். ஆனால் தேய்மானம் கையை விட்டுப் போகும் பணம் அல்ல. எனவே வரியில் மிஞ்சிய 3 ரூபாய் ரொக்கத்தில் கூடும். ஐந்தொகையில் இயந்திரத்தின் மதிப்பு 10 குறைந்து, ரொக்கம் 3 கூடி, சொத்து 7 குறையும். மறுபக்கம் மூலதனமும் 7 குறையும். இரு பக்கமும் சரியாகிவிட்டது.

விடையை மனப்பாடம் செய்தவர் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார். ஏன், எதற்கு என்று படிப்படியாக வாய்விட்டுச் சொல்பவரே தேறுவார். எளிய ஆங்கிலம் போதும், தெளிவுதான் முக்கியம்.

இந்தக் கணக்கு நம் வீட்டுக்குப் புதிதா? மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் உம்மா, வாங்கிய இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, கழித்த பீடி எத்தனை, கையில் நின்ற கூலி எவ்வளவு என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார். பத்தமடையில் பாய் நெய்பவர், கோரை விலை ஏறினால் ஒரு பாயில் என்ன மிஞ்சும் என்று உடனே சொல்வார். "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் நம் பிள்ளைகள் பலர் இதையெல்லாம் மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள், கணக்கோடு சொல்லுங்கள்.

வட்டி பற்றிய கேள்வி உங்கள் மனத்தில் எழும், எழத்தான் வேண்டும். வங்கிக்குள் பல பிரிவுகள், பலவித வேலைகள். எந்தப் பிரிவு, அங்கே என்ன வேலை என்பதை எழுதி எடுத்துக்கொண்டு, விண்ணப்பிக்கும் முன்பே ஆலிம்களிடம் விளக்கம் கேளுங்கள். வேலை கிடைத்தபின் குழம்புவதைவிட அது நல்லது.

பெற்றோர்களே, இந்த வங்கிகள் நேர்முகத்துக்குப் பணம் வாங்குவதில்லை. "வாங்கித் தருகிறேன்" என்று கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைக்காதீர்கள்.

ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் பேச்சுப் பயிற்சி நடத்த இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரம், கட்டணம் கிடையாது. வாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான ரிஸ்கைத் தருவானாக. ஆமீன்.