கை மரத்துப்போனால் கவனியுங்கள்

(உதவிப் பொருள் வழங்கும் கூட்டத்தில் நம் டிரஸ்ட் செயலாளர் பேசியது)



நம் தவறு ஒன்றைச் சொல்லியே பேச்சைத் தொடங்குகிறோம். நம்மிடம் தையல் மெஷின் வாங்கிய ஒரு சகோதரி, ஆறே மாதத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். "கை ஓடமாட்டேங்குது" என்றார். உழைக்க மனமில்லை என்று நினைத்து, அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். வீட்டிலோ கண்ணேறு என்று ஓதிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான், கழுத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருப்பது தெரிந்தது.

மனிதருக்கு விலா எலும்பு 12 ஜோடி. சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்து இன்னொன்று வளர்ந்திருக்கும். இதை 'செர்விகல் ரிப்' என்பார்கள். நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான். பெண்களிடம் சற்று அதிகம். பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவு தராது. சிலருக்கு மட்டும் கைக்குப் போகும் நரம்பையோ ரத்தக்குழாயையோ அழுத்தும்.

கையைத் தூக்கினால் மரத்துப்போகும், விரல் வெளுத்துச் சில்லிடும், பிடி தளரும். கொடியில் துணி உலர்த்தவும், துஆவுக்குக் கையேந்தவும் சிரமப்படுவார்கள். முடிந்த அளவு உயர்த்தித் தொழுதால் போதும். மார்க்கம் யாரையும் வருத்தவில்லை. ஆனால் கை திடீரென்று வெளுத்து, குளிர்ந்து, கடுமையாக வலித்தாலோ, வீங்கி நீலம் பாரித்தாலோ, ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்றபடி பலருக்கு டாக்டர் சொல்லும் உடற்பயிற்சியும், தோளில் பாரம் சுமக்காமலிருப்பதும் போதும். ரத்த ஓட்டம் தடைபட்டால் அந்த எலும்பை ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். முதலில் குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மேல்சிகிச்சைக்கு, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஓதுவதும் வேண்டும், எக்ஸ்ரேயும் வேண்டும்.

அந்தச் சகோதரி இப்போது பயிற்சி செய்கிறார். அரைமணி தைத்தால் சற்று ஓய்வெடுக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறொரு மெஷின் கொடுத்திருக்கிறோம். இனி யாராவது உதவியைத் திருப்பித் தந்தால், "உடம்புக்கு என்னம்மா?" என்றுதான் முதலில் கேட்போம், இன்ஷா அல்லாஹ். நீங்களும் வீட்டில் அப்படியே கேளுங்கள்.