கைக்குள் அடங்கும் மார்பு

சுங்கை சிப்புட் பக்கம் சின்னதாக ஒரு வெள்ளை நாயைப் பார்த்தாலே "ஜாக் ரசல்" என்று சொல்லிவிடுகிறோம். அது ஜாக் ரசல்தானா?

ஜாக் ரசலின் உடம்பில் வெள்ளைதான் மிகுந்திருக்கும். முகத்தில் கறுப்போ பழுப்போ திட்டுத்திட்டாக இருக்கும். காது மடங்கியிருக்கும். உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், எடை ஐந்தாறு கிலோ. என்னைக் கேட்டால், கண்ணைவிடக் கைதான் நல்ல சாட்சி. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடியுங்கள். கைக்குள் அடங்க வேண்டும். நரி வளைக்குள் நுழைவதற்காக வளர்த்த நாய் இது. மார்பு பெருத்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் ரசல் 1819இல் ஒரு பால்காரரிடம் வாங்கிய 'டிரம்ப்' என்ற பெட்டை நாய்தான் இதன் மூதாய் என்பார்கள்.

குணத்தில் முழு வேட்டைக்காரன். மண்ணைத் தோண்டும், எலியை விடாது, எளிதில் களைக்காது. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் கவனமாக இருங்கள். சிறகடித்து ஓடுவதெல்லாம் அதற்கு இரைதான். செம்பனைக்காட்டில் எலியைத் துரத்துகிற அதே துணிச்சலோடு பாம்பு வளையிலும் மூக்கை நுழைக்கும். தோட்டப் பக்கம் போகும்போது தயவுசெய்து கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள்.