கைத்துப்பாக்கியின் குழல் நீளமும் தோட்டாவும்

(மலையடிவாரக் கிராமமொன்றின் கூட்டுறவுக் கடன் சங்க மகாசபையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



நான் இவ்விடத்தில் எழுந்து நின்றால் தவணை தவறிய கடனைப் பற்றியே பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பது வழக்கம். இன்று துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவ்விஷயமும் கடனில்தான் வந்து முடியும். ஆகையால் சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற மாதம் கணக்குப் பார்க்க வந்தபோது அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, கடலைச் சாகுபடிக்கு வாங்கும் கடனோடு கைப்பணமும் கொஞ்சம் சேர்த்து ஒரு ரிவால்வர் வாங்கலாமென்று இருக்கிறேன். குழல் நீளமாய்ப் பார்த்து வாங்குவதா, குட்டையே போதுமா? எந்தத் தோட்டா நல்லது?" என்று கேட்டார். அவருடைய நிலம் காட்டோரத்தில் இருக்கிறது. விடியற்காலம் நான்கு மணிக்குத் தனியே போகிறவர். போன பருவத்தில் பன்றிக்கூட்டம் ஒரே இரவில் அவர் கடலையில் பாதியைக் கிளறிப் போட்டது. அவருடைய கேள்வியில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நானும் ஒரு நாள் அந்தி மயங்கும் வேளையில் ஓடைக்கரையில் ஒற்றைப் பன்றியை எதிரே கண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றவன்தான். அக்கணத்தில் கையில் ஏதாவது இருந்தால் தேவலை என்று எனக்கும் தோன்றியது. ஆகவே அவருக்குச் சொல்லவேண்டிய விடையை எல்லோருக்குமாகச் சொல்லுகிறேன். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் கேட்கவேண்டாம்.

குழலின் நீளம்

வனாந்தரங்களில் நடமாடுவோர் ரிவால்வரை இடுப்பில் கட்டிச் செல்லும் வழக்கம் ஐக்கிய அமெரிக்க நாட்டில், அதிலும் இடாஹோ, மான்டானா, அலாஸ்கா முதலிய பிரதேசங்களில் மிகுதி. ஆகையால் இக்கேள்விக்கு அனுபவ விடையை அங்கேதான் தேடவேண்டும்.

ரிவால்வரின் குழல் என்பது தோட்டாக்கள் அடங்கிய சுழல் உருளையின் முன்புறத்திலிருந்து துப்பாக்கியின் வாய் வரைக்கும் உள்ள பாகம். கடைகளில் இரண்டு, நான்கு, ஆறு அங்குலம் என்று சொல்வது இதையே. வெடிமருந்து எரிந்து உண்டாகும் ஆவி குண்டைத் தள்ளுகிறது. குழல் நீளமாயிருந்தால் நெடுநேரம் தள்ளும். குட்டையாயிருந்தால் மருந்தின் ஒரு பகுதி வெளியே வந்து எரிந்து, கண் கூசும் ஒளியாகவும் காது அடைக்கும் ஓசையாகவும் வீணாகும். உதாரணமாக, 1935-ல் வெளிவந்த .357 மாக்னம் என்னும் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலக் குழலுக்குப் பதில் நான்கு அங்குலக் குழலில் சுட்டால் குண்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 200 அடி கூடும். நான்கிலிருந்து ஆறுக்குப் போனால் மேலும் சுமார் 100 அடிதான் கூடும். முதலில் நீட்டிய இரண்டு அங்குலத்திற்குக் கிடைத்த லாபம் அடுத்த இரண்டுக்குக் கிடைப்பதில்லை. வயலுக்கு உரமிடுவதிலும் இதே நியாயந்தான்.

இரண்டாவது, குறி. முன்முள்ளுக்கும் பின்முள்ளுக்கும் இடையே உள்ள தூரம் குறைந்தால் கைத்தவறு பெருகும். முட்களிடையே நான்கு அங்குலம் இருக்கும் துப்பாக்கியில் ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு முள் விலகினால், 25 கஜ தூரத்தில் குண்டு நாலரை அங்குலம் விலகும். அத்தூரம் எட்டு அங்குலமானால் விலகுவது இரண்டேகால் அங்குலமே. குட்டைக் குழல் குறி தவறுவதற்கு இரும்பின் குற்றம் காரணமன்று. அது நம் கையின் சிறு பிழையையும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அப்படியானால் ஆறு அங்குலமே சிறந்தது என்பீர்கள். குறி பழகவும் வேட்டையாடவும் அதுவே நன்று. ஆனால் நாள் முழுதும் சுமப்பவனுக்கு அது உட்கார்ந்தால் இடுப்பில் குத்தும்; புதரில் மாட்டும்; அவசரத்தில் உறையை விட்டு வெளிவரத் தாமதிக்கும். எனவேதான் அந்நாட்டார் பலர் நான்கு அங்குலத்தை நடுத்தரமாகக் கொண்டிருக்கிறார்கள். முதுகில் மூட்டை சுமப்போர் சிலர் மார்பில் உறை கட்டிக்கொள்வதும் உண்டு. குட்டையும் இலேசுமானது சட்டைப்பைக்குச் சுகம். சுடும்போது கையை உதைப்பதோ கடுமை. அந்த உதைப்பில், மீதியுள்ள தோட்டாக்களின் குண்டு கழன்று முன்னே நகர்ந்து, உருளை சுழலாமல் பூட்டிக்கொள்வதும் நேரிடும்.

இன்னொன்று: உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியாகச் சூடான ஆவி பக்கவாட்டில் பீறிடும். அவ்விடத்தில் விரல் இருந்தால் கிழிபடும். நாட்டுத் துப்பாக்கியைப் பிடித்துப் பழகினவர் இதை முக்கியமாக அறியவேண்டும்.

தோட்டா

தோட்டாவின் வலிமையை அடி-ராத்தல் என்னும் அளவால் கணக்கிடுவர். ஒரு ராத்தல் எடையை ஓர் அடி உயரம் தூக்கும் சக்தி ஓர் அடி-ராத்தல். 1955-ல் உருவான .44 மாக்னம் 700 முதல் 900 வரை தரும். அதைக் கொண்டுவரத் தூண்டியவர்களுள் முக்கியமானவர் இடாஹோவில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் என்பவர். .357 மாக்னம் சுமார் 500 தரும். நம் தேசத்தில் லைசென்சின்மேல் சாதாரணமாய்க் கிடைக்கும் .32 ரிவால்வரின் தோட்டாவோ சுமார் 110 தான் தரும். அக்குண்டின் எடை ஆறு கிராமுக்குச் சற்று அதிகம்.

சக்தியோடு குண்டின் வடிவமும் கவனிக்கத்தக்கது. முனையில் குழியுள்ள குண்டு உடம்பில் பட்டதும் விரியும், ஆழமாய்ப் போகாது. தடித்த தோலும் எலும்புமுள்ள மிருகத்துக்குக் கெட்டி ஈயத்தில் வார்த்த தட்டை முனைக் குண்டே ஆழமாய்ப் பாயும் என்பது அந்நாட்டார் அனுபவம். பாம்புக்கென்று பொடி ரவை அடைத்த தோட்டாவும் அங்கே விற்பனையாகிறது. சில அடி தூரத்துக்கு மேல் அது பயன்படாது. மேலும் .38 ஸ்பெஷல் தோட்டாவை .357 துப்பாக்கியில் போட்டுச் சுடலாம்; .357 தோட்டா .38 துப்பாக்கியில் நுழையாதபடி அதன் கூட்டை எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளமாகச் செய்திருக்கிறார்கள். அங்கே பலர் இலேசான தோட்டாவில் பழகிக் கனத்த தோட்டாவோடு காட்டுக்குப் போகிறார்கள். பழகாமல் போகிறவன் கையில் எந்தத் தோட்டாவும் ஒன்றுதான்.

இத்தனை வசதியுள்ள நாட்டிலும் நேர்ந்ததைக் கேளுங்கள். அலாஸ்காவில் மனிதரும் கரடியும் எதிர்ப்பட்ட நிகழ்ச்சிகளை டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலியோர் ஆராய்ந்தார்கள். 2008-ல் அவர்கள் வெளியிட்டபடி, மிளகாய்ச் சத்துத் தெளிப்பான் பழுப்புக் கரடியை நூற்றுக்கு 92 தடவை தடுத்து நிறுத்தியது. 2012-ல் வெளியிட்டபடி, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அருகில் கரடியை எதிர்ப்பட்டபோது, அதைச் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயப்பட்ட விகிதத்தில் வித்தியாசம் காணவில்லை. திடீரென்று பாயும் மிருகத்தின்முன் குறி பார்ப்பது அவ்வளவு அரிது.

நம் நாட்டுச் சட்டம்

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்சு இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பயிர்க்காவலைப் பற்றி அச்சட்டத்தின் 13-வது பிரிவு சொல்வது முக்கியமானது. உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும், அது போதாதென்று அதிகாரி கருதினால் வேறு வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கும் லைசென்சு தரலாம் என்கிறது. தற்காப்புக்கு அப்பிரிவு கூறும் வழுவழுப்பான குழலின் நீளமோ 20 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பயிர்க்காவலுக்கு ரிவால்வரை அது குறிப்பிடவில்லை.

அன்றியும், 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ம் வருஷத் திருத்தத்தால் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உத்தரவின்றிச் சுடக்கூடாது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்தது மாத்திரம் 11-வது பிரிவின்படி குற்றமாகாது. காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றிகளைச் சுடும் வேலையைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வனத்துறையாருக்கே ஒப்படைத்தது.

நாம் செய்யத்தக்கது

இனி நம் அங்கத்தினரின் கணக்கைப் பார்ப்போம். 2014-ல் கான்பூர் தொழிற்சாலை வெளியிட்ட "நிர்பீக்" என்னும் .32 ரிவால்வர் சுமார் 500 கிராம் எடை. விலையோ அப்போதே ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேல். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியது 110 அடி-ராத்தல் சக்தியுடன் பன்றியின் தோளில் பட்டால் என்ன நேரும்? பன்றி பெரும்பாலும் சாகாது, காயம்பட்டுத் திரும்பும். குறி தவறினாலோ குண்டு அரை மைலுக்கு அப்பாலும் போகும். இருட்டில் அங்கே தண்ணீர் பாய்ச்சுகிறவர் அடுத்த வயல்காரராயிருக்கலாம்.

பாம்புக்கென்றால் துப்பாக்கி வேண்டியதேயில்லை. கையில் விளக்கு, தரையைத் தட்டிச் செல்லத் தடி, காலில் பூட்ஸ், கடித்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரி: இவையே போதும். செங்கல்பட்டுச் சீமையில் வடநெம்மேலியில் இருளர் சகோதரர்கள் 1978-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டு, பாம்பை உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, முறிமருந்து செய்வோருக்கு விற்று, பாம்பைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். எதைக் கண்டு நாம் அஞ்சுகிறோமோ அதைக் கொண்டே அவர்கள் ஜீவனம் செய்வது கூட்டுறவின் பலனல்லவா?

பன்றிக்கு என்ன செய்வது? தனியே நால்வர் நான்கு வயலில் விழித்திருப்பதைவிட, காட்டோரத்து நிலத்தார் பத்துப் பேர் முறை வைத்து இருவர் இருவராய்க் காவல் போவது மேல். நல்ல கைவிளக்குகளும் வேலிச் செலவும் கூட்டாகச் செய்தால் ஒவ்வொருவர் பங்கும் சிறிதே. வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியில் பாய்ச்சுவதை மட்டும் ஒருவரும் கனவிலும் நினைக்கவேண்டாம். அது மனிதரைக் கொன்றிருக்கிறது, இனியும் கொல்லும். சேதம் நேர்ந்தால் அன்றே வனத்துறைக்கு மனுக் கொடுத்து நிவாரணம் கேளுங்கள்.

இவையெல்லாம் கேட்ட பின்னும் உயிருக்கு மெய்யான அபாயம் உண்டென்று கருதுகிறவர் கலெக்டரிடம் முறைப்படி மனுச் செய்யட்டும். லைசென்சு கிடைத்தால் முதலில் பயிற்சி பெறட்டும். நடுத்தரக் குழலாய், தம் கைக்கு அடங்குவதாய்ப் பார்க்கட்டும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கட்டும். ஆனால் அதைத் தம் சொந்தச் சேமிப்பில் வாங்கட்டும். விதைக்கென்று வாங்கிய கடன் விதையாகவே மண்ணில் விழவேண்டும். வேறெதுவானாலும் தவணை நாளில் அது முளைக்காது.

என்னைக் கேட்ட அன்பர் இப்போது முன்வரிசையில் இருக்கிறாரோ பின்வரிசையில் இருக்கிறாரோ, நான் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு விண்ணப்பம்: நாளை விடியற்காலம் தனியே போகவேண்டாம். பக்கத்து நிலத்தாரை எழுப்பி அழைத்துச் செல்லுங்கள். கூட்டம் முடிந்தவுடன் காவல் முறைக்குப் பெயர் கொடுப்போர் காரியதரிசியிடம் கொடுக்கலாம்.