‘பேசிக்’ என்றால் குறைவோ?

(எமது சங்கத்தின் வளர்ந்தோர் ஆங்கில வகுப்பு நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் கதைக்கிறேன். ‘பேசிக்’ என்ற சொல். அதை விளங்காமல் நான் ஒருமுறை என்ரை பிள்ளையை அழவைத்தவன்.

1994ஆம் ஆண்டு. நாங்கள் இலண்டனுக்கு வந்து மூன்று வருடம். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பு ரீச்சர் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துச் சிரித்த முகத்தோடு ஏதோ சொன்னா. எனக்குப் பிடிபட்டது ‘பேசிக்’ என்ற ஒரு சொல்லுத்தான். அதற்கு முந்திய மாதம் ஒரு கடையில் வேலை கேட்டுப் போனபோது, “உன்ரை இங்கிலீஷ் வெறும் பேசிக்” என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆகவே அது குறை சொல்கிற சொல் என்றே நினைத்திருந்தேன்.

பஸ்ஸிலேயே ஏச்சுத் தொடங்கிவிட்டேன். “மூண்டு வருசம் படிச்சும் இன்னும் பேசிக்தானோ?”

“இல்லையப்பா, ரீச்சர் நல்லதாத்தான் சொன்னவ” என்று பிள்ளை அழுதது.

“எனக்குப் பொய் சொல்லாதை” என்றேன்.

இரண்டு கிழமையால் எழுத்தில் அறிக்கை வந்தது. அதைக் கொண்டுபோய் ஆங்கில வகுப்பு ஆசிரியையிடம் காட்டினேன். “கணக்கிலை உங்கடை மகளுக்கு அத்திவாரம் நல்ல உறுதி. அதைத்தான் பேசிக்ஸ் எண்டு எழுதியிருக்கினம்” என்று அவ விளங்கப்படுத்தினா. அன்று வீட்டுக்குச் சொக்லேற் வாங்கிக்கொண்டு போனேன். “என்னத்துக்கப்பா?” என்று மகள் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தச் சொல்லின் வேர் ‘பாசிஸ்’ என்ற கிரேக்கச் சொல். அடியெடுத்து வைப்பது, நிற்கிற பீடம் என்று அதற்குப் பொருள். எங்கள் ‘அடி’யும் அப்படித்தானே? காலடியும் அடி, மரத்தின் அடியும் அடி. ‘பேசிக்’ என்ற பெயரடை ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் முதலில் இரசாயனத்தில்தான் வழங்கியது. ஊரில் உயர்தரத்தில் அமிலமும் மூலமும் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். அந்த ‘மூல’த் தன்மைதான் ‘பேசிக்’.

இன்றைய பேச்சில் அதற்கு இரண்டு முகம். ஒன்று அத்திவாரம்: உணவு, உடை, உறையுள் மூன்றும் ‘பேசிக் நீட்ஸ்’. இவை இல்லாமல் மற்றதொன்றும் நிற்காது. சம்பளத் துண்டில் ‘பேசிக் பே’ என்றால் ஓவர்ரைம், கொடுப்பனவுகள் சேராத அடிப்படைச் சம்பளம். மற்ற முகம், ‘இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை’ என்பது. “அறை பேசிக்” என்றால் கட்டிலும் மேசையும் இருக்கும், வேறொன்றும் எதிர்பார்க்காதே என்று அர்த்தம்.

எந்த முகம் என்று பிடிப்பதற்கு நான் கண்ட வழி இது. முன்னால் ‘ஒன்லி’, ‘ஜஸ்ற்’, ‘வெரி’ என்று ஏதாவது வந்தால் பெரும்பாலும் குறைவு. பின்னால் ‘ஸ்’ சேர்ந்து ‘த பேசிக்ஸ்’ என்று வந்தால் அத்திவாரம். ‘பேசிக்கலி’ என்றால் ‘சுருக்கமாய்ச் சொன்னால்’. சில பேருக்கு அது இருமல் மாதிரி வசனத்துக்கு வசனம் வரும்! இப்போது பிள்ளையள் வேறொரு பாவனையும் கொண்டுவந்திருக்கினம். போன வருடம் என் புதுச் சேட்டைப் பார்த்துப் பேத்தி, “அம்மப்பா, சரியான பேசிக்” என்றாள். எல்லாரையும் போலத்தான், ஒரு புதுமையும் இல்லை என்று கருத்து. இந்த முறை நான் ஏசவில்லை, என்னவென்று கேட்டேன்.

1930இல் ஒக்டன் என்ற ஆங்கில அறிஞர் 850 சொற்களைத் தெரிந்தெடுத்து, ‘பேசிக் இங்கிலிஷ்’ என்று பெயரிட்டு வெளியிட்டார். அன்றாடக் கருமங்களுக்கு அவ்வளவும் போதும் என்பது அவர் கொள்கை. ஆகவே எங்களுக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தை நாங்களே இளக்காரமாய் நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. படிவத்தில் ‘உமது ஆங்கிலம் எப்படி?’ என்று கேட்டால், வெட்கத்தில் ‘நல்லது’ என்று அடையாளமிடாதீர்கள். கடையில் பால் வாங்கப் போதுமான ஆங்கிலம், டொக்டரிடம் நெஞ்சு நோவைச் சொல்லவோ, விசா விசாரணையில் நடந்ததைச் சொல்லவோ போதாமல் போகலாம். ‘பேசிக்’ என்றே போட்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அந்த வேலையைப் பிள்ளையளின் தலையில் கட்டாதீர்கள். அவர்கள் சொல்வது எங்களுக்கு விளங்காவிட்டால், ஏசுவதற்கு முதல் ஒருக்கால் திருப்பிக் கேளுங்கள். நான் அன்று பஸ்ஸில் அதைச் செய்யவில்லை.