சிரிக்க வைத்த மாமா

(சங்கத்தின் பொன்விழாவில், மறைந்த உறுப்பினர்களை நினைவுகூர்ந்த நிகழ்வில் ஆற்றிய உரை)





என் தாய்மாமாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உங்களில் பலருக்கு அவர் நண்பர். என் உம்மாவுக்கு ஒரே தம்பி. கல்யாண வீட்டில் அவரோடு ஒரே சஹனில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: பேசிச் சிரிக்க வைத்தபடியே இறைச்சித் துண்டைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். "எப்பத்தான் நீ பெரிய மனுஷனாவே?" என்று உம்மா கடிந்துகொள்வார். "நீ அக்காவா இருக்கிற வரைக்கும் நான் சின்னவன்தானே!" என்பார்.

நான் பாலிடெக்னிக் முடித்து வியாபாரத்துக்கு வந்தபோது, "மருமகனே, டிப்ளோமாவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டு. கல்லாவில் உட்கார்ந்தால் வந்தவர் முகத்தைப் பார்" என்றார். வேடிக்கை எல்லாம் பேச்சில்தான். நிறுவையில் ஒரு கிராம் குறைய விடமாட்டார்.

2020ஆம் ஆண்டு ரமலான் நினைவிருக்கிறதா? மார்ச் மாதமே பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. கூடி நோன்பு திறக்க வழியில்லை. தராவீஹும் பெருநாளும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. அந்த மாதம் முழுவதும் அஸருக்குப் பிறகு மாமா தொலைபேசியோடு உட்கார்ந்துவிடுவார். தனியாக இருந்த நம் சங்கத்துப் பெரியவர்கள் பதினொரு பேருக்கு ஆளுக்கொரு கதை சொல்வார். கதையோடு கதையாக, மருந்து இருக்கிறதா, சாப்பாடு வந்ததா என்றும் கேட்டுக்கொள்வார். பள்ளிவாசல்கள் திறந்த பிறகும் வாரம் ஒருமுறை அழைப்பதை அவர் விடவில்லை. வீட்டில் இருந்த எங்களுக்கு அது வெறும் அரட்டையாகவே தெரிந்தது.

அவர் மௌத்தான அன்று, தொழுகைக்கு முன் நம் வழக்கப்படி நான் எழுந்து, "மாமா யாருக்காவது கடன் தரவேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள்" என்றேன். சுவா சூ காங்கில் அடக்கம் முடிந்து திரும்பும்போது, கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார். "தம்பி, ஒரு முர்தபா பாக்கி. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னான்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். மறுவாரம் அவரை நார்த் பிரிட்ஜ் சாலைக்கு அழைத்துப்போய் அந்தக் கடனை அடைத்தோம். மாமா இறந்த பிறகு உம்மா முதன்முதலாகச் சிரித்தது, நான் அதைப் போய்ச் சொன்னபோதுதான்.

மாமாவின் குறிப்பேடு இப்போது என்னிடம் இருக்கிறது. பதினொரு பேரில் ஏழு பேர் நம்மோடு இருக்கிறார்கள். நான் அழைத்துப் பேசுகிறேன். அவரைப் போல் எனக்குக் கதை சொல்ல வராது. கடையும் இருப்பதால் சில வாரம் இரண்டு மூன்று பேர் விடுபட்டுப்போகிறார்கள். அதனால் இளைஞர்களிடம் கேட்கிறேன்: ஆளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் பத்து நிமிடம் போதும். புன்னகையும் ஒரு தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். மாமா அந்தத் தர்மத்தைத் தொலைபேசியிலேயே செய்தார்.

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்கி, மேலான சுவனபதியைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.