நூலா? ஆளா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! அரங்கத்திலும் வீட்டிலும் அமர்ந்து கேட்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டுப் பழக வருகிற புதியவருக்குப் பெருந்துணை நூலா, ஆளா? ஆளே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "எல்லாம் கையேட்டில் இருக்கு, படிச்சா போதும்" என்றார். நானும் படிச்சேனே! 30 வருஷமா மாணவர்களைப் 'படி, படி'ன்னு சொன்னவனாச்சே!

என் கணினியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. 11-க்கு மாறப் பார்த்தால், இந்தப் பெட்டிக்கு அது ஏறாதாம். "புதுசு வாங்கிடலாமா?"ன்னு மனைவியைக் கேட்டேன். "பழசை எல்லாம் மாத்தறதா இருந்தா, முதல்ல எதை மாத்தணும்னு எனக்குத் தெரியும்"னாங்க. (சிரிப்பு) அன்றைக்கே லினக்ஸ் மின்ட் போட முடிவு செய்தேன்.

பென் டிரைவில் ஏற்றியாச்சு. 'வட்டை அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு வரி வந்தது. அழுத்தப் போனேன். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் பதறினான்: "ஐயா, நில்லுங்க! அக்கா கல்யாணப் படமெல்லாம் வேற எங்கயாவது இருக்கா?" இல்லை! என் பாடக்குறிப்பு, மகள் கல்யாணப் படம், எல்லாமே அந்த வட்டில்தான்.

'முதலில் நகல் எடுத்து வை' என்று கையேட்டிலும் இருந்தது, நடுவர் அவர்களே. நான் தாண்டிப்போன பக்கம் அது. தாண்டிப் போகிறவனைப் புத்தகம் தடுக்காது. மனுஷன் தடுப்பான்! (கைதட்டல்)

அப்புறம் முறையாகச் செய்தோம். தனி வட்டில் நகல் எடுத்தோம். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபை வருதா, சத்தம் கேக்குதா, பிரின்டர் வேலை செய்யுதா என்று பார்த்தோம். பிறகுதான் நிறுவினோம். இத்தனைக்கும் அந்தப் பையன் விசைப்பலகையைத் தொடவே இல்லை! நான் திணறினால், "திரையில என்ன எழுதியிருக்கு, வாசிங்க ஐயா" என்பான். பழக்கதோஷத்தில் மென்பொருளை இணையத்தில் தேடினேன். "வெளிய போக வேண்டாம். உள்ளேயே மென்பொருள் மேலாளர் இருக்கு, அதுல எடுங்க" என்றான்.

லினக்ஸ் பிறந்த கதையும் இதுதான். 1991 ஆகஸ்டில், ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றி, மினிக்ஸ் பயன்படுத்தியவர்களிடம் உங்களுக்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்டார். நாலு பேர் கை கொடுத்து வளர்ந்த பிள்ளை அது!

நூல் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் ஆள் வேண்டும். மறுநாள் நூல் தானாகப் புரியும். ஆளில்லாத நூல், ஏட்டுச் சுரைக்காய்!

நடுவர் மணியடிக்கிறார், முடித்துவிடுகிறேன். போன மாதம் என் நண்பருக்கு நான் லினக்ஸ் சொல்லிக்கொடுத்தேன். அஞ்சாவது நிமிஷமே பொறுமை போய், அவர் கையிலிருந்த மௌஸைப் பிடுங்கினேன். பின்னாலிருந்து அதே பையன் குரல்: "ஐயா... கை!" (பலத்த கைதட்டல்)

எந்தப் புத்தகமய்யா இப்படிச் சொல்லும்?